லூசியா திருநாள்: மகுடமும் ரொட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சுவீடனில் டிசம்பர் 13 அன்று கொண்டாடப்படும் புனித லூசியா நாள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அன்றைய இரவே ‘ஆண்டின் மிக நீண்ட இரவு’ என்று அதில் எழுதியிருந்தார்கள். இன்றைய நாட்காட்டிப்படி அது டிசம்பர் 21 அல்லது 22-இல்தான் வரும். பழைய ஜூலியன் நாட்காட்டி பருவங்களோடு ஒட்டாமல் விலகிக்கொண்டே வந்ததால், 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்த இரவு டிசம்பர் 13-ஐ ஒட்டி வந்தது. சுவீடன் 1753-இல் நாட்காட்டியைத் திருத்தியது. அவ்வாண்டு பிப்ரவரி 17-க்கு மறுநாள் மார்ச் 1. திருநாளை மட்டும் யாரும் நகர்த்தவில்லை. ஆனாலும் ஸ்டாக்ஹோமில் சூரியன் ஆண்டிலேயே மிகச் சீக்கிரம் மறைவது இந்த நாட்களில்தான். பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும்.

லூசியா சிசிலித் தீவின் சிரக்கூசா நகரத்துக் கன்னி. கிறித்தவ நம்பிக்கைக்காக 304-இல் கொல்லப்பட்ட மறைசாட்சி. இலத்தீனில் ஒளியைக் குறிக்கும் ‘லுக்ஸ்’ என்ற சொல்லோடு சேர்ந்தது அவள் பெயர்.

லூசியாவாக வேடமிட்ட பெண் எரியும் மெழுகுவர்த்தி மகுடம் சூடி, தோழிகளோடு ஊர்வலமாக வரும் படம் கட்டுரையில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு இங்கும் பள்ளி விழாக்களில் மெழுகுவர்த்தி மகுடம் செய்து பார்க்க ஆசைப்படுவார்கள். அதனால் இதைச் சொல்லியாக வேண்டும். சுவீடனிலேயே குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பேட்டரி விளக்கு மகுடம்தான். உண்மையான தீயை வளர்ந்தவர்களே பெரும்பாலும் சுமக்கிறார்கள். அந்த மகுடம் உலோக வளையம். ஒவ்வொரு வர்த்திக்கும் அடியில் மெழுகைத் தாங்க ஒரு சிறு கிண்ணம் இருக்கும். உச்சந்தலையில் ஈரத் துணியை மடித்து வைத்து, அதன்மேல்தான் மகுடத்தை அமர்த்துவார்கள். தீயைவிட அடிக்கடி தொல்லை தருவது உருகிய மெழுகு. வாசல் காற்று பட்டால் சுடர் ஒரு பக்கம் சாயும், அந்தப் பக்கத்து மெழுகு கரைந்து கிண்ணம் நிறைந்து வழியும். ஆகவே நுழைவதற்குச் சற்று முன்புதான் ஏற்ற வேண்டும், எதிரெதிர்க் கதவுகளைச் சாத்த வேண்டும், தலையை ஆட்டாமல் மெதுவாக நடக்க வேண்டும். வெள்ளை அங்கி பருத்தியாக இருக்கட்டும். செயற்கை இழை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பின்னால் வரும் தோழிப் பெண்கள் கையிலும் வர்த்தி இருக்கும். முன்னால் போகிறவளின் கூந்தல் விரிந்து கிடக்கும் என்பதால் இரண்டு அடி இடைவெளி கட்டாயம். பக்கத்தில் ஒருவர் வாளித் தண்ணீரும் ஈரப் போர்வையுமாக நிற்க வேண்டும்.

இனி அன்றைய காலை உணவான ‘லுசெகாட்’ என்ற இனிப்புக் குங்குமப்பூ ரொட்டி. கட்டுரையில் தந்த செய்முறையில் குங்குமப்பூவுக்குப் பதில் மஞ்சள்தூள் போடலாம் என்று இருந்தது. நிறம் வரும், மணம் வராது. அரை லிட்டர் பாலுக்கு ஒரு கிராம் குங்குமப்பூ போதும். அதை ஒரு தேக்கரண்டி சர்க்கரையோடு நுணுக்கி, வெதுவெதுப்பான பாலில் அரை மணி நேரமாவது ஊறவிட வேண்டும். 150 கிராம் வெண்ணெய், 175 கிராம் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, 12 கிராம் உலர் ஈஸ்ட், ஏறத்தாழ ஒரு கிலோ மைதா. மைதாவை மட்டும் ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். மாவு கையில் லேசாக ஒட்டும் பதத்திலேயே நிறுத்துங்கள். ரொட்டி வறண்டு போனதென்று பலரும் குங்குமப்பூவைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கூடுதல் மைதாவும் அடுப்பில் கூடுதல் நேரமும்தான் காரணம். நீர் வடித்த கெட்டித் தயிர் 250 கிராம் சேர்த்தால் ஈரம் தங்கும்.

45 நிமிடம் பொங்கவிட்டு, விரல் கனத்துக்குத் திரித்து, இரு முனைகளையும் எதிரெதிராகச் சுருட்டி, ஒவ்வொரு சுருளின் நடுவிலும் ஊறவைத்த உலர் திராட்சை ஒன்றை அடித்தட்டு வரை அழுத்துங்கள். மேலோட்டமாக வைத்தால் மாவு உப்பும்போது வெளியே தள்ளிவிடும். ஊறாத திராட்சை கருகும். மறுபடி அரை மணி நேரம் பொங்கிய பின் முட்டை தடவி, 225 டிகிரி செல்சியஸில் 6 முதல் 8 நிமிடம் சுட்டால் போதும். மறுநாளைக்கு வேண்டியதை ஆறியவுடனே உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். வெளியில் கிடந்தால் ஒரே இரவில் காய்ந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்