நூறு ரேண்ட் ஒயினுக்கு நட்சத்திரம் போடுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் தீபாவளி இணைப்பில் தென்னாப்பிரிக்காவில் நூறு ரேண்டுக்குள் கிடைக்கும் நல்ல ஒயின்கள் என்ற பட்டியலைப் படித்தோம். பெயர், விலை, நட்சத்திரம், அவ்வளவுதான். எந்த ஆண்டு அறுவடை, எந்த வட்டாரத்துத் திராட்சை, சுவைத்தவருக்கு விலை தெரியுமா தெரியாதா, எவ்வளவு குளிர்ச்சியில் ஊற்றினார்கள் என்பது பற்றி ஒரு வரி கிடையாது. அந்த நட்சத்திரத்தை நம்பிக் கடைக்குப் போகிறவர் கையைச் சுட்டுக்கொள்வார். மலிவு ஒயினை மதிப்பிடுவது விலை உயர்ந்ததை மதிப்பிடுவதைவிடக் கடினமான வேலை. பட்டியல் போடுகிறவர்களுக்கும், வீட்டில் நாலு பேர் கூடிச் சுவைத்துப் பார்க்க நினைக்கிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

முதலில் விலையை மறைக்க வேண்டும். லேபிளைப் பார்த்துவிட்டுப் புள்ளி போடுவது ஆளைப் பார்த்து இலை போடுகிற கதைதான். பழுப்புக் காகிதத்தைச் சுற்றினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது. பாட்டிலின் கனம், தக்கை உருவும் ஓசை, திருகுமூடி முறியும் சத்தம் எல்லாமே காட்டிக்கொடுத்துவிடும். சுவைக்காத ஒருவர் சமையலறையிலேயே ஒரே மாதிரி ஜாடிகளில் ஊற்றி, எண் எழுதிக் கொண்டுவர வேண்டும். கிளாஸ்களும் ஒரே வடிவமாக இருக்கட்டும். சர்வதேசத் தரப்படியான சுவைக் கிளாஸ் 215 மில்லி கொள்ளும், ஆனால் ஊற்றுவது 50 மில்லிதான். மீதி இடம் மணம் தங்குவதற்கு. வீட்டில் 30 மில்லி ஊற்றினாலே போதும், 750 மில்லி பாட்டில் ஒன்று 25 பேருக்கு வரும்.

ஒரு தடவைக்கு எட்டு கிளாஸ். அதற்கு மேல் போனால் நாக்கு மரத்துவிடும். எட்டும் ஒரே ரகத் திராட்சை, ஒரே விலை வரம்பு. செனின் பிளாங்க் என்ற வெள்ளை ரகத்தையும் ஷிராஸ் என்ற சிவப்பு ரகத்தையும் ஒன்றாக வைத்து எது நல்லது என்று கேட்பதில் பொருளில்லை. எட்டு கிளாஸில் ஏழு ஒயின்தான் இருக்க வேண்டும், அவற்றில் ஒன்று மட்டும் இரண்டு கிளாஸில் வர வேண்டும். புள்ளி இருபதுக்கு: நிறத்துக்கு 3, மணத்துக்கு 7, வாய்ச்சுவைக்கு 10. ஒரே ஒயினுக்கு ஒரு கிளாஸில் 11, இன்னொன்றில் 15 போட்டவரின் தாளை மரியாதையாக ஒதுக்கிவிடுங்கள். இந்தச் சோதனை என்றாலே முகம் சுளிக்கிற ரசிகர்கள் உண்டு. அவர்கள் தாளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

விழுங்காமல் துப்ப வேண்டும். எட்டு கிளாஸுக்கு முப்பது முப்பதாக 240 மில்லி, ஏறக்குறைய பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. வண்டி ஓட்டுகிறவருக்கு இந்நாட்டுச் சட்டத்தின் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 0.05 கிராம், தொழில்முறை ஓட்டுநருக்கு 0.02. நடுவில் வெறும் ரொட்டியும் தண்ணீரும் போதும். சில்லி பைட்ஸ் (காரப் பக்கோடா) தட்டை அப்போது மேசைக்குக் கொண்டுவர வேண்டாம்.

டர்பனில் பெரும்பாலான மதிப்பீடுகள் கெடுவது வெப்பத்தில்தான். சிவப்பு ஒயினை அறையின் வெப்பநிலையில் பரிமாறு என்பது குளிர்நாட்டு வீட்டுக்குச் சொன்னது. நம் ஊர்க் கோடையில் அறை 28 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும், பழமணம் ஜாம் மாதிரி குழைந்துவிடும். சிவப்பு ஒயினைக் குளிர்பெட்டியில் வைத்து 16, 17 டிகிரிக்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள். வெள்ளை ஒயினில் தவறு தலைகீழாக நடக்கிறது. 4 டிகிரியில் எடுத்து உடனே ஊற்றினால் மணமும் தெரியாது, குறையும் தெரியாது. சற்று நேரம் வெளியே வைத்து 9, 10 டிகிரியில் சுவைக்க வேண்டும். அவசரமென்றால் வாளியில் பாதி பனிக்கட்டி, பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு: இருபது நிமிடத்தில் குளிர்ந்துவிடும். வெறும் பனிக்கட்டியில் புதைத்தால் இடையிடையே காற்று நிற்கும், நேரம் பிடிக்கும்.

அடுத்த கண்ணி சர்க்கரை. இங்கே லிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் லேபிளில் 'டிரை', அதாவது இனிப்பற்றது, என்று போட முடியாது. அதனால் மலிவுச் சிவப்பு ஒயின்கள் பலவற்றில் அந்தச் சொல்லே இருக்காது. 'மென்மையானது', 'எளிதாக அருந்தலாம்' என்று மட்டும் எழுதியிருக்கும். உள்ளே 8, 10 கிராம் சர்க்கரை கசப்பையும் காறலையும் மூடிக்கொண்டிருக்கும். முதல் மிடறில் அதுதான் ஜெயிக்கும், நாலாவது மிடறில் திகட்டும். வறுத்த ஓக் பலகைகளை ஊறப்போட்டு காபி மணம் ஏற்றிய பினோடாஜ் என்ற சிவப்பு ஒயினும் இதே வகை. பிடித்தவர்கள் குடிக்கட்டும், ஆனால் சாதாரணப் பினோடாஜோடு ஒரே வரிசையில் நிறுத்தக் கூடாது. இவற்றைப் பிடிக்க எளிய வழி: மூன்றில் ஒரு பங்கை பாட்டிலிலேயே விட்டு மூடி, குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் சுவைப்பது. நேர்த்தியாகச் செய்த ஒயினில் பழம் நிற்கும். பூச்சு வேலை ஒயினில் சர்க்கரையும் மரத்தூள் வாசமும்தான் மிஞ்சும்.

குறையுள்ள பாட்டிலுக்குப் புள்ளி போட்டுவிட்டு அந்த ஒயினே மோசம் என்று எழுதுவது அநியாயம். நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் வந்தால் தக்கையில் டிசிஏ என்ற வேதிப்பொருள் இருக்கிறது, வேறொரு பாட்டில் திறக்க வேண்டும். திருகுமூடி ஒயினில் அழுகிய முட்டை வாடை வந்தால் பதற வேண்டாம், ஒரு ஜாடியிலிருந்து இன்னொன்றுக்கு நாலு தடவை ஆற்றினால் பெரும்பாலும் போய்விடும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை போகாது, அது ஆலையிலேயே ஆன கெடுதல். வெள்ளை ஒயின் பழுப்பேறி, வெட்டிவைத்த ஆப்பிள் மணம் அடித்தால் காற்றுப் பட்டுக் கெட்டது. தக்கை மேலே துருத்திக்கொண்டு, உறைக்கடியில் பிசுபிசுப்பு இருந்தால் வழியில் வெந்துபோனது. கேப் டவுனிலிருந்து டர்பனுக்கு 1,600 கிலோமீட்டர் லாரிப் பயணம், அதற்கு மேல் கடை வாசலில் வெயில், நம் கார் டிக்கியில் இன்னும் இரண்டு மணி நேரம். நிறமற்ற கண்ணாடி பாட்டிலுக்கு இதோடு குழல்விளக்கும் எதிரி, ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினும் சாவிக்னோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினும் அந்த வெளிச்சத்தில் முட்டைக்கோசு வாடைக்கு மாறிவிடும். சூப்பர் மார்க்கெட் அலமாரியில் முன்வரிசையை விட்டுப் பின்வரிசையில் எடுங்கள்.

இனி வட்டாரம். 1973 முதல் நடப்பில் இருக்கும் தோற்றச் சான்றுத் திட்டத்தின் முத்திரை பாட்டிலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரகமோ ஆண்டோ குறிப்பிட்டிருந்தால் 85 விழுக்காடாவது அதுவாக இருக்க வேண்டும். வட்டாரப் பெயர் போட்டால் திராட்சை முழுவதும் அங்கிருந்தே வந்திருக்க வேண்டும். 'வெஸ்டர்ன் கேப்' என்று மட்டும் இருந்தால் மாகாணத்தின் எந்த மூலையிலிருந்தும் கலந்திருக்கலாம் என்று பொருள். அது குற்றமில்லை, ஆனால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

எங்கள் கணக்கில் நூறு ரேண்டுக்குள் இந்த நாட்டில் மிகப் பெரிய லாபம் செனின் பிளாங்க். நாட்டிலேயே அதிகம் பயிராகும் ரகம் அதுதான், பழைய ஆட்கள் 'ஸ்டீன்' என்பார்கள். பிரீடக்லூஃப், ராபர்ட்சன் வட்டாரங்களின் கூட்டுறவு ஆலைகளுக்காக நீர்ப்பாய்ச்சி விளைவது எலுமிச்சை, கொய்யா மணத்தோடு துப்புரவாக இருக்கும். ஸ்வார்ட்லாந்து வட்டாரத்தில் பாசனமில்லாத புதர்க்கொடிகளில் காய் குறைவு, சாறு அடர்த்தி. பேர்பெற்ற பண்ணைகளின் விலையை விட்டுவிட்டு அதே மண்ணின் கூட்டுறவு ஆலை பாட்டிலைத் தேடுங்கள். 35 ஆண்டு தாண்டிய கொடிகளுக்கென்று தனி முத்திரை உண்டு, நட்ட ஆண்டும் அதிலேயே இருக்கும், ஆனால் இந்த விலையில் அது அபூர்வம். சிவப்பில் சின்சோ. 1925-இல் பேராசிரியர் பெரோல்ட் பினோ நுவார் ரகத்தோடு மகரந்தம் கலந்து பினோடாஜை உண்டாக்கியது இந்த ரகத்தோடுதான். துவர்ப்பு குறைவு, 14 டிகிரிக்குக் குளிரவைத்தாலும் தாங்கும். ஸ்டெல்லன்போஷ் வட்டாரத்துக் கபெர்னே என்ற சிவப்பு இந்த விலைக்குக் கிடைத்தால் கொஞ்சம் யோசியுங்கள். அங்கே நிலமும் விலை, ஓக் பீப்பாயும் விலை. எங்கோ தரத்தில் கை வைத்திருப்பார்கள்.

சிலி, அர்ஜென்டினா, ஸ்பெயின் ஒயின்களை அதே விலையில் பக்கத்தில் வைத்துத் தோற்கடிப்பதும் நியாயமில்லை. கப்பல் கூலியும் சுங்கமும் போக உள்ளே ஒயினுக்கு மிஞ்சுவது சொற்பம். உள்ளூர் பாட்டிலிலும் கண்ணாடி, மூடி, அட்டை, கூலி, லிட்டர் கணக்கில் வாங்கும் கலால் எல்லாம் மலிவுக்கும் உசத்திக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே 60 ரேண்டிலிருந்து 90-க்குப் போனால் அந்த முப்பதில் கணிசமான பங்கு ஒயினுக்கே சேரும். 300-லிருந்து 330-க்குப் போனால் வித்தியாசம் தெரியாது.

ஆண்டு போட வேண்டும் என்று கேட்பதற்கும் காரணம் உண்டு. இங்கே அறுவடை பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில். தீபாவளிக்குள் அந்த ஆண்டின் வெள்ளை ஒயின் கடைக்கு வந்திருக்கும், பழைய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளுவார்கள். மூன்று வருடச் சாவிக்னோன் பிளாங்க் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஐந்து லிட்டர்ப் பெட்டி வாங்கினால் விலையை 6.67-ஆல் வகுத்து, வரும் தொகையை ஒரு பாட்டில் விலையோடு ஒப்பிடுங்கள். அடைத்த தேதியையும் பாருங்கள். பெட்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பை காற்றை முழுதாகத் தடுக்காது, ஒன்பது மாதம் தாண்டினால் தளர்ந்துவிடும்.

தங்கள் பட்டியலில் ஒயினைச் சாப்பாட்டோடு பார்க்கவே இல்லை. நம் வீட்டில் ஒயின் வருவது ஆட்டுக்கறிக்கும் பிரியாணிக்கும் பக்கத்தில். தனியாகச் சுவைத்து முடித்த பிறகு ஒவ்வொன்றோடும் ஒரு கரண்டி குழம்பு வைத்து இரண்டாவது சுற்று நடத்த வேண்டும், வரிசை மாறிவிடும். துவர்ப்பு மிகுந்த சிவப்பு மிளகாயோடு சேர்ந்தால் நாக்கில் எரியும், 14 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் இன்னும் எரியும். மேலே பழித்த அந்தச் சர்க்கரை இங்கே கைகொடுக்கும்: 8 கிராம் சர்க்கரையுள்ள செனின் காரத்தைத் தணிக்கும். புளிக்குழம்பு மீனுக்குப் புளிப்பு குறைந்த ஒயின் தண்ணீராகப் போகும், அதற்கு ராபர்ட்சன் கொலம்பார்ட் என்ற வெள்ளை நன்றாக ஈடுகொடுக்கும். சுகர் பீன்ஸ் கறிக்குச் சின்சோ.

ஒன்று பாக்கி. புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொடாத வீடுகளும், எப்போதும் சைவமாகவே இருக்கும் வீடுகளும் தங்கள் வாசகர்களில் நிறைய. ஒயினைத் தெளிவிக்க முட்டை வெள்ளை, பால் புரதம், ஜெலட்டின், மீன் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை என்று பலதும் சேர்ப்பதுண்டு. வெள்ளை ஒயினுக்குப் பெரும்பாலும் பென்டோனைட் களிமண் போடுவார்கள், அதில் சிக்கலில்லை. லேபிளில் இது எப்போதும் இருக்காது. பட்டியல் தயாரிக்கிறவர் ஆலைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டு, சைவ ஒயினுக்குப் பக்கத்தில் ஓர் இலைக்குறி அச்சிட்டால் போதும்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்