மிஸ்ஸிங் அடிக்கும் வண்டிக்கு முதலில் கம்ப்ரஷன் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாகனப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறேன். புதிதாக எந்தக் கார் வந்தது, எத்தனை ஏர்பேக், சன்ரூஃப் உண்டா இல்லையா என்றெல்லாம் போடுகிறீர்கள், நல்லது. ஆனால் எங்கள் தெருவில் நிற்கும் வண்டிகளில் பாதிக்கு மேல் பத்து வயதைத் தாண்டியவை, அவற்றை ஓட்டுகிறவர்கள் படும் பாட்டை யாரும் எழுதக் காணோம். எங்கள் பழைய காரின் இஞ்சின் மிஸ்ஸிங் அடித்தது, அதாவது விட்டுவிட்டு ஓடியது. அதற்கு ஏழு மாதமும் பத்தொன்பதாயிரம் ரூபாயும் செலவழித்து நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வண்டி 2009-ல் வாங்கியது. பெட்ரோல், நான்கு சிலிண்டர். கம்பெனி பெயர் வேண்டாம், அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மகள் பிறந்ததும் வீட்டுக்குக் கூட்டிவந்தது அந்த வண்டியில்தான், அவள் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். பதினைந்து வருடம் முடிந்ததும் எஃப்.சி. காட்டி, பசுமை வரியும் கட்டி, இன்னும் ஐந்து வருடத்துக்கு ஆர்.சி.யைப் புதுப்பித்து வைத்திருந்தேன். அதனால் 'வித்துத் தொலைங்க' என்று வீட்டில் சொன்னபோது மனசு வரவில்லை.

திருச்செந்தூர் போய்விட்டுத் திரும்பும்போது ஒரு ரயில்வே கேட்டில் நின்றோம், அங்கேதான் ஆரம்பித்தது. ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்று இஞ்சின் மட்டும் ஓடும்போது, ஒரு தடவை விட்டுவிட்டு ஓடுகிற மாதிரி ஒரு நடுக்கம், ஸ்டியரிங்கில் தெரிகிறது, உள்கண்ணாடியில் பின்சீட்டில் இருக்கும் அம்மாவின் முகம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. கேட் திறந்து வேகம் எடுத்ததும் ஒன்றுமே இல்லை. மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்தால் தையல் மிஷின் மாதிரி ஓடியது. இருபது நிமிடம் ஓடிச் சூடாகி வண்ணாரப்பேட்டை சிக்னலில் நின்றால் மறுபடி அதே நடுக்கம். குளிர்ந்திருந்தால் இல்லை, சூடானால் உண்டு, அதுவும் நின்றால்தான் உண்டு. இந்த மூன்றையும் ஏழு மாதமாக நான் போன இடத்திலெல்லாம் சொன்னேன், கேட்டுக்கொண்டார்களே தவிர அதைப் பிடித்துக்கொண்டு யாரும் யோசிக்கவில்லை.

முதல் ஒர்க்‌ஷாப்பில் பெட்ரோலைப் பற்றவைக்கிற நாலு பிளக்கும் மாற்றினார்கள். சரி, பழைய வண்டி, பிளக் மாற்றுவதில் தப்பில்லை. இரண்டு நாள் நன்றாக ஓடிய மாதிரி இருந்தது, அது என் ஆசை. அடுத்து அதற்குக் கரண்ட் கொடுக்கும் பிளக் வயரும் காயிலும். எங்கள் தெருவில் எலி அதிகம் என்பதால் வயர் என்றதும் நானும் நம்பினேன். அப்புறம் காற்று உள்ளே போகும் த்ராட்டில் பாடி கிளீனிங், பெட்ரோலைப் பீச்சும் இஞ்செக்டர் கிளீனிங், அதுவும் சரிவராமல் ஒரு இஞ்செக்டரே புதிது. இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்கள், ஒரு கோடும், அதாவது கோளாறைச் சொல்லும் குறியீட்டு எண்ணும், வரவில்லை. கோடு வராததால், இஞ்சினின் கம்ப்யூட்டரைச் சொல்லி, 'இ.சி.எம்.தான் போயிருக்கும் சார், இருபத்தெட்டாயிரம் ஆகும், போட்டுப் பார்க்கலாம்' என்றார்கள். இந்தப் 'போட்டுப் பார்க்கலாம்' என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்கு வயிறு கலங்குகிறது, ஏனென்றால் போடுவது என் காசில், பார்ப்பது மட்டும் அவர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர், மைத்துனர், ஆபீஸில் இருக்கும் எல்லோரும் சொன்னது எத்தனால். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள், பழைய வண்டிக்கு அது ஆகாது, அதுதான் காரணம் என்றார்கள். பழைய வண்டியின் ரப்பர் ஹோஸுக்கும் சீலுக்கும் எத்தனால் ஆகாது என்பது உண்மைதான், எனக்கும் அதில் கோபம் உண்டு. ஆனால் ஒரே டேங்க், ஒரே பம்ப், நாலு சிலிண்டருக்கும் ஒரே பெட்ரோல்தான் போகிறது. கோளாறு ஒரே ஒரு சிலிண்டரில் மட்டும் என்றால் பழியை எப்படிப் பெட்ரோல் மேல் போடுவது? ஒரே ஒரு சிலிண்டர் என்பதே எனக்குத் தெரியவந்தது ஏழாவது மாதத்தில்தான், அதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மேலப்பாளையம் பக்கம் தகரக் கொட்டகைக்குள் வேலை பார்க்கும் ஒரு அண்ணாச்சியிடம் கடைசியாகப் போனேன். பழைய அம்பாசிடர் காலத்து ஆள், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பானெட்டைத் திறக்கவே இல்லை. 'வீட்லேருந்து எவ்வளவு தூரம்? வண்டி சூடா இருக்கா? அப்படியே ஓட விடுங்க, அணைக்காதிய' என்றார். டீக்கடையில் கிடந்த பேப்பரில் ஒரு தாளைக் கிழித்தார். உங்கள் பத்திரிகைதான், விளம்பரப் பக்கம், வருத்தப்பட வேண்டாம். குத்தவைத்து உட்கார்ந்து சைலன்சர் வாய்க்கு நேராக ஒரு சாண் தள்ளி அந்தத் தாளைப் பிடித்தார். நல்ல இஞ்சின் என்றால் புகை தாளை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். எங்கள் வண்டியில் தாள் நாலைந்து தடவை வெளியே படபடத்துவிட்டு, சடக்கென்று உள்ளே சைலன்சர் வாயில் போய் ஒட்டியது. மறுபடி படபடப்பு, மறுபடி ஒட்டல். என்னைத் திரும்பிப் பார்த்து, 'கேஸ்ல ஓட்டுனியளா அண்ணாச்சி?' என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2011-ல் எல்.பி.ஜி. கிட் மாட்டி ஏழெட்டு வருடம் கேஸில்தான் ஓட்டினோம். கிட்டைக் கழற்றியே பல வருடமாகிறது, டிக்கியில் டேங்க் இருந்த அடையாளம்கூட இல்லை.

அப்புறம்தான் பானெட் திறந்தது. ஒவ்வொரு இஞ்செக்டரின் கரண்ட் இணைப்பான கப்ளரையும் ஓடும்போதே ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒன்று, இரண்டு, நான்கைக் கழற்றும்போது இஞ்சின் தடுமாறியது. மூன்றைக் கழற்றினால் ஒரு மாற்றமும் இல்லை, ஏற்கெனவே வேலை செய்யாதவன் லீவு போட்ட மாதிரி. மூன்றாவது பிளக்கையும் வயரையும் ஒன்றுக்கு மாற்றிப் போட்டார், கோளாறு கூடவே போகிறதா என்று பார்க்க. போகவில்லை, மூன்றிலேயே நின்றது. புதிய வண்டிகளில் இந்த வேலையை ஸ்கேனரே பாதி செய்துவிடும், பி0303 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டர், பி0300 என்றால் குறிப்பாக ஒன்றில்லை, மாறிமாறி என்று அர்த்தம். ஆனால் கோடு வீட்டு நம்பரைத்தான் சொல்லும், உள்ளே இருப்பது பிளக்கா, இஞ்செக்டரா, வால்வா என்று சொல்லாது. என் வண்டி மாதிரிப் பழையதில் அந்த நம்பர்கூட வராமல் போகலாம். கோடு வரவில்லை என்பதற்காகக் கோளாறு இல்லை என்றோ, கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்றோ ஆகிவிடாது.

அடுத்து கம்ப்ரஷன் கேஜ், சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாக அமுங்குகிறது என்று காட்டும் மீட்டர். நாலு பிளக்கையும் கழற்றி, இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்து, என்னை ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லிச் செல்ஃப் அடித்தார். ஒன்றில் 172, இரண்டில் 170, நாலில் 168 பி.எஸ்.ஐ. மூன்றில் 95. அதிலே ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார், 98. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து ரீடிங் நன்றாக ஏறியிருக்குமாம், ஏறாததால் காற்று போவது மேலே வால்வு வழியாக. இதில் வேடிக்கை என்னவென்றால் இரண்டாவது ஒர்க்‌ஷாப்பிலும் கம்ப்ரஷன் பார்த்தார்கள். ராத்திரி அங்கேயே நின்ற வண்டியைக் காலையில் குளிர்ந்த இஞ்சினில் பார்த்துவிட்டு 'எல்லாம் 150-க்கு மேல இருக்கு சார்' என்றார்கள். சூடானால் வரும் கோளாறைக் குளிர்ந்திருக்கும்போது தேடினால் எப்படிக் கிடைக்கும்?

விஷயம் இதுதான். கேஸில் நெடுநாள் ஓடினால், புகை வெளியேறும் வழியைத் திறந்து மூடும் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் சீட் தேய்ந்து, வால்வு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். வால்வை அழுத்தித் திறக்கும் டேப்பட்டுக்கும் அதற்கும் நடுவே இருக்க வேண்டிய சந்து அந்த அளவுக்குக் குறையும். என் வண்டியின் மேனுவலில் குளிர்ந்த இஞ்சினுக்கு 0.25 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. மறுநாள் காலை டேப்பட் கவரைக் கழற்றிப் பார்த்தால் மூன்றாவதில் இடைவெளி அளக்கும் 0.05 ஃபீலர் தகடுகூட நுழையவில்லை. சந்து இல்லாமல் சூட்டில் வால்வுத் தண்டு நீளும்போது வால்வு முழுதாக மூடாது, காற்று கசியும், அந்தச் சிலிண்டர் வெடிக்காது. வேகத்தில் கசிய நேரம் போதாததால் அவ்வளவாகத் தெரியாது. நான் ஏழு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த மூன்று அடையாளமும் இதில் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டன. இந்த வண்டியில் ஸ்க்ரூ டைப் டேப்பட் என்பதால் அங்கேயே செட்டிங் செய்தாகிவிட்டது. கவர் கேஸ்கெட்டோடு 1,800 ரூபாய். ஓட்டிச் சூடாக்கிப் பார்த்தபோது மூன்றில் 155 வந்தது.

இன்னொரு எரிச்சல் உண்டு. புகைச் சான்றிதழ் எடுக்கப் போன இடத்திலேயே இது எழுத்தில் இருந்தது. முந்தைய முறை ஹைட்ரோகார்பன் 140, இந்த முறை 680. எரியாத பெட்ரோல் வெளியே வருகிறது என்றுதானே அதற்கு அர்த்தம்! வரம்பு 750 என்பதால் பாஸ் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள், நானும் கிளவ் பாக்ஸில் திணித்துவிட்டேன். வாசகர்கள் உங்கள் வண்டியின் பழைய புகைச் சான்றிதழையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், செலவில்லாத வேலை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் கெடுத்துவிடும், அது போனால் டேப்பட் செட்டிங்போல ஆயிரங்களில் முடியாது.

மெக்கானிக்குகளை மட்டும் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. அண்ணாச்சி இரண்டு மணி நேரம் செலவழித்துக் கண்டுபிடித்ததும் என் வாயில் முதலில் வந்த வார்த்தை, 'டேப்பட் டைட் பண்றதுக்கு இவ்வளவா?' சொன்ன பிறகு வெட்கமாகிவிட்டது. பார்ட்டுக்கு எவ்வளவு பில் போட்டாலும் கொடுக்கிறோம், யோசித்ததற்குப் பில் போட்டால் சண்டைக்குப் போகிறோம். அப்புறம் அவர்கள் பார்ட்டைத்தானே விற்பார்கள்? கோளாறு கண்டுபிடிக்க இவ்வளவு என்று தனியாகப் போர்டில் எழுதிப்போடுகிற ஒர்க்‌ஷாப் இருந்தால் நான் போகத் தயார், கழற்றிய பழைய பார்ட்டையும் என் கையில் கொடுக்க வேண்டும்.

சீட் தேய்ந்தது தேய்ந்ததுதான், ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை டேப்பட் இடைவெளியைப் பார்க்க வேண்டும், என்றாவது ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும் என்று சொல்லியனுப்பினார் அண்ணாச்சி. இப்போது 3,200 ஓடியிருக்கிறது. சிக்னலில் நின்றால் கண்ணாடியில் அம்மா ஒரே ஆளாகத்தான் தெரிகிறார். வாகனப் பக்கத்தில் புதுக் கார் படத்துக்குக் கீழே பழைய வண்டிக்கு என்று அரைப் பத்தி ஒதுக்குங்கள் ஐயா, அவரைப்போன்ற ஆட்களைப் பேட்டி எடுத்துப் போடுங்கள். முகவரி வேண்டுமானால் தருகிறேன், போர்டு கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
பாளையங்கோட்டை