பாறையில் பாதி, கரையில் பாதி

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத்தில் துறைமுகத்துக்கு அருகிலேயே வீடு அமைந்துவிட்டது என்றும், இனி இரண்டு வாரம் கடலிலுள்ள காற்றாலைகளிலும் இரண்டு வாரம் வீட்டிலுமாக உன் வேலை இருக்கும் என்றும் நீ எழுதியதைப் படித்தேன். அந்தத் துறைமுகத்தின் கரையிலேயே சிக்னல் டவர் என்ற வெள்ளைக் கட்டடம் ஒன்று இருக்கிறது. மருமகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு முதலில் அதைப் போய்ப் பார். நாற்பது ஆண்டுகள் கட்டட வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெல் ராக் கலங்கரை விளக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கடலில் நிற்கும் கோபுரத்தை மட்டுமே பேசுகிறார்கள்; அதன் மறு பாதி இந்தக் கரை வீட்டில்தான் இருக்கிறது.

கோபுரத்தின் கதையை நீ ஓரளவு அறிவாய். கரையிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில், ஓதம் ஏறினால் முழுதும் மூழ்கிவிடும் இஞ்ச்கேப் பாறைதான் பெல் ராக். 1804-ல் யார்க் என்ற போர்க்கப்பல் ஏறத்தாழ ஐந்நூறு பேருடன் வடகடலில் காணாமல் போனது. அது இந்தப் பாறையில் மோதியே அழிந்திருக்க வேண்டும் என்று கருதப்பட்ட பிறகுதான் நாடாளுமன்றம் அசைந்தது. 1806-ல் சட்டம் வந்தது, 1807 ஆகஸ்டில் வேலை தொடங்கியது. ஜான் ரென்னி தலைமைப் பொறியாளர். களத்தில் நின்று கட்டியவர் ராபர்ட் ஸ்டீவன்சன். பெருமை யாருக்கு என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பாறையில் கால் நனைய நின்றவரின் பக்கமே என் மனம் சாய்கிறது.

நீர் வடிந்திருக்கும் இரண்டொரு மணி நேரம்தான் அவர்களுக்கு வேலை நேரம். பாறையைக் கொத்தும் இரும்புக் கருவிகள் மழுங்கிக்கொண்டே இருந்ததால், கொல்லுலையையும் பாறைமேலேயே வைத்திருந்தார்கள்; கொல்லர் முழங்கால் அளவு நீரில் நின்று இரும்பைக் காய்ச்சுவார், ஏறி வரும் அலை அடுப்பை எட்டி நெருப்பை அணைத்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. 1807 செப்டம்பர் 2-ஆம் தேதி அவர்களுடைய கப்பல் நங்கூரக் கயிறு விட்டு அடித்துச் செல்லப்பட்டது. பாறையில் இருந்தவர்கள் 32 பேர், எஞ்சியவை இரண்டே சிறு படகுகள், நீரோ ஏறிக்கொண்டிருந்தது. ஆட்களிடம் பேச வாயெடுத்த ஸ்டீவன்சனுக்கு நா வறண்டு சொல் எழவில்லை. குனிந்து பாறைக் குழியிலிருந்த உப்பு நீரை அள்ளி வாயை நனைத்தார். அந்த நேரத்தில்தான் ஜேம்ஸ் ஸ்பிங்க் என்ற மாலுமி தம் படகில் வந்து சேர்ந்தார். ஆர்ப்ரோத்திலிருந்து அவர்களுக்கு வந்த கடிதங்களைக் கொண்டுவரவே அவர் கிளம்பியிருந்தார்.

கல் வேலையைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்த வராது. அடியில் 42 அடி விட்டம், உயரம் சுமார் 115 அடி. ஒவ்வொரு கல்லின் முனையையும் பக்கத்துக் கல்லின் பள்ளத்துக்குள் விரிந்து பூட்டிக்கொள்ளும்படி கரையிலேயே செதுக்கி, வரிசை முழுவதையும் தரையில் அடுக்கிச் சரிபார்த்த பிறகே கப்பலேற்றினார்கள். வரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவாமலிருக்க ஓக் மர ஆப்புகளை இறக்கினார்கள். சுண்ணாம்புச் சாந்தில் இத்தாலிய எரிமலைச் சாம்பலைக் கலந்தார்கள், அது நீருக்குள்ளேயே இறுகக்கூடியது. அலை மோதும் கீழ்ப்பகுதியின் வெளிமுகத்துக்குக் கருங்கல், மற்றவற்றுக்கு மணற்கல். 1811 பிப்ரவரி 1-ஆம் தேதி இரவு விளக்கு ஏற்றப்பட்டது. சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி ஒளிர்ந்தது. விளக்கைச் சுழற்றிய அதே பொறிதான் மூடுபனி நாட்களில் மணியையும் அடித்தது.

அந்தக் கோபுரத்துக்குள் கிடங்கு, சமையலறை, படுக்கையறை, நூலக அறை என்று வட்ட அறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. மூன்று காப்பாளர்கள் பாறையில், ஒருவர் கரையில் என்று முறை வைத்திருந்தார்கள். ஆறு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். மனைவி மக்கள் அங்கே இருக்க இடமே கிடையாது. ஆகவே 1813-ல் ஆர்ப்ரோத்தில் சிக்னல் டவரைக் கட்டினார்கள்: காப்பாளர் குடும்பங்களுக்கும் படகுக்காரர்களுக்கும் குடியிருப்புகள், அவற்றுக்கு நடுவே ஏறத்தாழ 50 அடி உயரக் கோபுரம், அதன் உச்சியறையில் ஐந்தடி நீளத் தொலைநோக்கி, கொடிக்கம்பம், சைகை காட்ட 18 அங்குல விட்டமுள்ள செப்புக் குண்டு. பாறையிலும் அதேபோல ஒரு குண்டு இருந்தது. தினமும் காலை ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் பாறையில் குண்டு மேலேறினால் அனைவரும் நலம் என்று பொருள். ஏறாவிட்டால் படகு புறப்படும். ஒரு குடியிருப்பை, அங்கிருந்து கடலில் உள்ள ஆளைப் பார்க்க முடியவேண்டும் என்பதையே முதல் தேவையாக வைத்து வடிவமைத்திருக்கிறார்கள், தம்பி. நாங்கள் எத்தனையோ ஊழியர் குடியிருப்புகள் கட்டினோம். இத்தனை பெண்களின் கவலையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட வரைபடம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

காப்பாளர் ஒருவருக்குக் கரையில் குழந்தை பிறந்தால், ஆண் என்றால் கால்சட்டையும் பெண் என்றால் பாவாடையும் அந்தக் கம்பத்தில் ஏற்றிப் பாறைக்குச் சேதி சொல்வார்களாம். அவ்வூரார் இன்றும் அதைச் சொல்லி மகிழ்கிறார்கள்.

1955-ல் குடும்பங்களை எடின்பரோவுக்கு மாற்றினார்கள். 1974-ல் சிக்னல் டவர் அருங்காட்சியகம் ஆயிற்று. 1988-ல் விளக்கும் தானியங்கியாகி, கடைசிக் காப்பாளர்கள் பாறையைவிட்டு இறங்கினார்கள். நீ போகும்போது உள்ளே வைத்திருக்கும் பொருட்களோடு நின்றுவிடாமல், குடியிருப்புகளின் சுவர்க் கனத்தையும், நடுக்கோபுரத்தை எந்தத் திசை பார்க்க நிறுத்தியிருக்கிறார்கள் என்பதையும் நிதானமாகக் கவனித்து எனக்கு எழுது. வானம் தெளிந்த நாளில், வேலைக்குப் போகும் படகிலிருந்து கோபுரம் கண்ணுக்குப் பட்டால் அதையும் எழுது. நீ கடலில் இருக்கும் நாட்களில் காலையில் ஒரு குறுஞ்செய்தி மருமகளுக்குப் போய்விட வேண்டும். எங்களுக்கு அவள் சொல்லிவிடுவாள்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா
தூத்துக்குடி