தலைமையாசிரியருக்கு நேரம் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

பள்ளிகள் மேம்படத் தலைமையாசிரியர்களுக்குத் தலைமைப் பயிற்சி வேண்டும் என்ற உங்கள் தலையங்கம் சரிதான், ஆனால் பயிற்சியோடு நின்றுவிட்டால் பெரிய பலன் இருக்காது. மாணவர்களின் கற்றலைத் தீர்மானிக்கும் பள்ளி சார்ந்த காரணிகளில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்த இடம் தலைமைக்குத்தான் என்று அமெரிக்காவின் வாலஸ் அறக்கட்டளையின் ஆதரவில் 2004-இல் வெளியான ஆய்வு சொன்னது. அந்தத் தலைமையைச் செலுத்தத் தலைமையாசிரியர்களுக்கு நேரம் எங்கே? நான் பணியாற்றிய பள்ளியில் தலைமையாசிரியர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து பாடத்தைக் கவனிப்பார், அப்புறம் தனியே அழைத்து, 'கேள்வி கேட்டதும் பதிலை நீங்களே சொல்லாதீர்கள், பிள்ளைகள் கொஞ்சம் யோசிக்கட்டும்' என்பதுபோல ஒன்றே ஒன்றைச் சொல்வார்; எந்தப் பயிற்சி முகாமும் எனக்கு அவ்வளவு உதவியதில்லை. மாவட்ட அலுவலகம் ஒரே புள்ளிவிவரத்தை வெவ்வேறு படிவங்களில் கேட்கத் தொடங்கியதும் அவர் வகுப்புக்கு வருவது நின்றுபோனது.

ஆகவே, படிவ வேலைக்கு ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் எழுத்தரை நியமித்து, தலைமையாசிரியரின் காலை நேரத்தை வகுப்பறைக்கென்றே ஒதுக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் மாவட்ட அதிகாரிகளும் பதிவேடுகளைப் புரட்டுவதற்கு முன் அவரோடு ஒரு பாடவேளை முழுவதும் வகுப்பில் உட்காரட்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர்