பேச்சுவார்த்தைக்குப் போகிறவன் திரும்பி வரவேண்டும்

கிளிநொச்சி

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவுக்கு நீ தெரிவானதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் நோ பரவாயில்லை. காலபோக வெட்டு முடிந்துவிட்டது.

உள்ளே பேசுவதை முடியும்வரை வெளியில் சொல்லக்கூடாது என்கிறார்களாம் உங்கள் மூத்தவர்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. 1980 ஓகஸ்டில் போலந்தின் கதான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில், அரசாங்கத்தோடு நடந்த பேச்சை வெளியில் நின்ற தொழிலாளர் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 21 கோரிக்கைகளில் முதலாவது, சுதந்திரமான தொழிற்சங்கம். அத்தனை காது கேட்கும்போது அதை யார் விட்டுக்கொடுப்பது? இன்னொன்றும் நடந்தது. ஓகஸ்ட் 16 அன்று, தளத்துக்குக் கேட்டது கிடைத்ததும் போராட்டத் தலைவர் வலேசா வேலைநிறுத்தம் முடிந்தது என்று அறிவித்துவிட்டார். ஆதரவாக நின்ற சின்ன வேலைத்தளங்களின் கதி? வாசலுக்கு ஓடிப்போய், வீட்டுக்குக் கிளம்பியவர்களை மறித்தவர்கள் பெண்கள்: கிரேன் ஓட்டிய அன்னா வாலென்டினோவிச், தாதி அலினா பியென்கோவ்ஸ்கா. தலைவரை மறுத்துப் பேச அவர்களுக்கு இடம் இருந்தபடியால்தான் அந்தப் போராட்டம் பிழைத்தது.

‘போராட்ட நேரத்தில் கேள்வி கேட்காதே’ என்பதை நாங்கள் வன்னியில் எத்தனை வருஷம் கேட்டோம். சனத்துக்காக முடிவெடுத்தவர்கள் சனத்தைக் கேட்கவில்லை. நீயும் கடைசி யுத்தத்தில் மாத்தளனில் இருந்தவன், மிச்சத்தை நான் எழுதத் தேவையில்லை.

அடக்குமுறைக்குள் ஜனநாயகம் சரிவராது என்பவர்களுக்குத் தென்னாபிரிக்காவைச் சொல். 1985இல் கொசாட்டு என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு உருவானது நிறவெறி ஆட்சியின் நடுவில். அங்கே தொழிற்சாலைப் பிரதிநிதி தொழிலாளரிடம் ஆணை வாங்கிக்கொண்டு போவார், திரும்பி வந்து அவர்களுக்கே கணக்குச் சொல்லுவார். அடுத்த வருஷ அவசரகாலத்தில் எத்தனையோ பேரை அடைத்தும் சங்கங்கள் குலையவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஆலையிலும் இருந்தார்கள்.

இங்கே இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்துக்கு எல்லா வயலுக்கும் தண்ணீர் காணாது. எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதைக் குளத்து நீரைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். போனமுறை எங்கள் பிரதிநிதிகள் எதற்குச் சம்மதித்தார்கள் என்பது வாய்க்காலின் கடைசியில் இருப்பவர்களுக்கு விதைப்புக்குப் பிறகுதான் தெரியவந்தது. இந்தமுறை கமக்காரர் அமைப்பில் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன்: சம்மதிக்க முதல் வந்து சொல்லவேண்டும்.

உங்கள் சங்க யாப்பில் அப்படி ஒரு பிரிவு இருந்தால் உடனே அனுப்பு. கூட்டம் அடுத்த கிழமை.

அன்புடன்,
உன் மச்சான்