கோயில் கூரையில் விழும் மழையை வீணாக்காதீர்கள்: பினாங்கு ஆலய நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்குத் தீவிலும் பெருநிலத்திலும் உள்ள ஆலயங்களின் தலைவர்கள், செயலாளர்கள், செயலவை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் கோயில் அன்னதானக் கூடத்தில் பாத்திரம் கழுவும் தொண்டர்களில் ஒருத்தி. அபிஷேகத்தைக் குறைக்கச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாமிக்கு ஊற்றுவது சில குடங்கள்தான். தரை கழுவ, அண்டா கழுவ, துளசிக்கும் செம்பருத்திக்கும் ஊற்ற, கழிவறைக்கு என்று போகும் தண்ணீரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

2024 ஜனவரி 10-ஆம் தேதி சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்றியபோது, மாநிலத்தில் பல லட்சம் வீடுகளுக்குத் தண்ணீர் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். பொங்கலுக்கு வீடு கழுவும் நேரம் அது. அரிசி களைந்த தண்ணீர் செடிக்குப் போனது. துணி அலசிய தண்ணீர் கழிவறைக்குப் போனது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோரும் செய்தார்கள். குழாயில் தண்ணீர் திரும்ப வந்ததும் விட்டுவிட்டார்கள்.

நாம் குடிக்கும் தண்ணீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்து வருகிறது. பக்கத்து மாநிலமான கெடாவில் பிறந்து வரும் அந்த ஆறுதான் சுங்கை டுவாவுக்குத் தண்ணீர் தருகிறது. அங்கிருந்து கடலுக்கடியில் போட்ட குழாய்கள் வழியாகத் தீவுக்கு வருகிறது. தீவில் ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகள் இருந்தாலும் அவற்றை மட்டும் நம்பித் தீவு பிழைக்க முடியாது. ஆனால் வீட்டுத் தண்ணீரைச் செலவு செய்வதில் நாட்டிலேயே முன்னணியில் இருப்பது நம் மாநிலம்தான். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 250 லிட்டருக்கும் மேல். கட்டணம் நெடுங்காலமாகக் குறைவாகவே இருந்துவிட்டதால், பில்லைப் பார்த்து யாருக்கும் பதற்றம் வருவதில்லை.

வீட்டுக்கு வீடு போய்ச் சொல்வதைவிடக் கோயிலில் செய்து காட்டுவது எளிது என்று நினைக்கிறேன். கோயிலில் பார்ப்பதை நம் ஜனங்கள் வீட்டில் செய்கிறார்கள். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

முதலில் கூரை. பிற்பகல் மழை பெய்யும்போது ஒரு கோயில் மண்டபத்தின் பக்கத்தில் நின்று பாருங்கள். தகரக் கூரையின் ஓரத்திலிருந்து தண்ணீர் திரையாக விழும். சிமெண்டுத் தரையில் அடித்து, நேராக லோங்காங்குக்கு, அதாவது சாக்கடைக்கு, ஓடிவிடும். மறுநாள் காலை அதே இடத்தில் ஒருவர் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு, சுத்திகரித்த குடிநீரைச் செடிக்கு அடித்துக்கொண்டிருப்பார். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் மண்டபக் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,000 லிட்டர். சிதறுவதையும் ஆவியாவதையும் கழித்தாலும் 1,600 லிட்டர் கையில் நிற்கும். ஒரு மாலை மழைக்கே இவ்வளவு. நம் ஊரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது.

இதற்குப் பெரிய செலவு வேண்டாம். கூரை ஓரத்தில் தகர வாய்க்கால், அதிலிருந்து இறங்கும் ஒரு பிவிசி குழாய், கீழே மூடியுள்ள தொட்டி, தொட்டியின் அடியில் ஒரு குழாய், அவ்வளவுதான். மழை தொடங்கிய முதல் சில நிமிடத் தண்ணீரில் புறா எச்சமும் தூசியும் கலந்திருக்கும். அதைத் தனியாக வெளியே திருப்பிவிட ஒரு கிளைக்குழாய் வைக்க வேண்டும். இந்தத் தண்ணீர் குடிக்க, சமைக்க, அபிஷேகத்துக்கு ஆகாது. செடி, தரை, கழிவறை ஆகியவற்றுக்குத் தாராளமாகப் போதும்.

“டிங்கிக் காய்ச்சல் வந்துவிடுமே” என்று ஒரு பேச்சு உடனே வரும். நியாயமான பயம்தான். ஏடிஸ் கொசு முட்டையிட்டு அது கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கொசுப் புழு இருந்தால் அபராதமும் உண்டு. அதனால் திறந்த டிரம் வைக்கவே கூடாது. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். தண்ணீர் உள்ளே வரும் வாயிலும், நிரம்பி வழியும் வாயிலும் பொடிக்கண் வலை கட்ட வேண்டும். வலை கிழிந்திருக்கிறதா என்று வாரம் ஒரு முறை பார்க்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். எல்லோருடைய வேலை என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

அப்புறம் அன்னதானக் கூடம். குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் அண்டாவைத் தேய்ப்பதுதான் இப்போது வழக்கமாகிவிட்டது. எங்களோடு வேலை செய்யும் மூத்த அக்காமார்கள் இன்னும் பழைய முறையில்தான் செய்கிறார்கள். ஒட்டியிருக்கும் சாதத்தை முதலில் வழித்துவிடுவார்கள். மூன்று பெரிய பேசின்கள் வைப்பார்கள்: ஒன்றில் ஊறவும், ஒன்றில் தேய்க்கவும், ஒன்றில் அலசவும். அலசிய தண்ணீர் அடுத்த நடைக்கு ஊறவைக்கும் தண்ணீராகிவிடும். பாத்திரமும் சுத்தம், இடுப்புக்கும் வலி குறைவு. இதற்கு நிர்வாகம் செய்ய வேண்டியது பேசின்களை வாங்கித் தருவதும், வடிகாலோடு மேடை கட்டித் தருவதும் மட்டுமே. அரிசி களைந்த தண்ணீரைத் தனி வாளியில் பிடித்து வாழைக்கு ஊற்றலாம். எண்ணெயும் சோப்பும் கலந்ததை ஊற்ற வேண்டாம்.

நந்தவனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உச்சி வெயிலில் ஊற்றினால் கொஞ்சம் ஆவியாகத்தான் போகிறது. காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ வேரடியில் ஊற்றுங்கள். கழற்றிய மாலைகளில் நைலான் நூலை உருவிவிட்டு, பூக்களையும் காய்ந்த இலைகளையும் தேங்காய் நாரையும் செடியடியில் பரப்பினால் மண் சீக்கிரம் காயாது.

இன்னொன்று, இதற்குக் காசே வேண்டாம். அர்த்தசாமப் பூசை முடிந்து நடை சாத்தியதும் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் முதல் குழாயைத் திறப்பதற்கு முன் மறுபடியும் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. கழிவறைத் தொட்டியில் கொஞ்சம் மஞ்சள் கரைத்து ஊற்றி அரைமணி நேரம் விடுங்கள். கோப்பையில் மஞ்சள் நிறம் தெரிந்தால் அந்த வால்வை மாற்ற வேண்டும்.

ஜனவரி, பிப்ரவரி நமக்கு வறட்சிக் காலம். தைப்பூசமும் அப்போதுதான் வருகிறது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் பாதையெங்கும் பந்தல்கள், சமையல், தேங்காய் உடைத்த பிறகு சாலை கழுவல் என்று தண்ணீர் தேவை உச்சத்தில் இருக்கும் வாரம் அது. அக்டோபர் மழையைப் பிடித்து வைத்தாலும் தைப்பூசம் வரை வராது, உண்மைதான். ஆனால் அதற்குள் பேசினும் மீட்டர் கணக்கும் பழக்கமாகியிருக்கும்.

செப்டம்பர், அக்டோபரில்தான் பினாங்கில் மழை அதிகம். ஆகவே அடுத்த செயலவைக் கூட்டத்திலேயே இதைப் பொருளாக வையுங்கள். ஒரு மண்டபம், ஒரு தொட்டி என்று தொடங்கினால் போதும். மாதாமாதம் மீட்டர் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். தகர வேலையும் குழாய் வேலையும் தெரிந்த பக்தர்கள் எல்லாக் கோயிலிலும் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள். அளவெடுக்க ஏணி பிடிக்க வேண்டுமென்றால், நாங்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
அன்னதானக் கூடத் தொண்டர்,
பட்டர்வொர்த்