தோளில் விழுந்த பள்ளம்: சித்திக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தி,

பாட்டி திதியன்று கொல்லைப்புறத்தில் நீங்கள் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "மாரைக் குறைக்க ஆபரேஷனா? அதெல்லாம் சினிமாக்காரி பண்றது. நம்ம வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் பெரிசுதான், யாரு செத்தா?" சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் அப்போது பேசாமல் இருந்துவிட்டேன். இதே கேள்வி பல அம்மாக்களுக்கு இருக்கும் என்பதால், ஆபரேஷன் செய்துகொள்ள நினைக்கும் உங்கள் மகளிடம், என் தங்கச்சியிடம், கேட்டுவிட்டு எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான்கு வருடத்துக்கு முன் எனக்கு முதுகில் சின்ன ஆபரேஷன் என்று அம்மா சொன்னாளே, அது இதுதான் சித்தி.

தங்கச்சியின் தோளை என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? பிரா பட்டை அழுத்தி இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கிறது. கழற்றிவிட்டுப் படுத்தாலும் மறைவதில்லை. ஓயாத கழுத்துவலி. மார்புக்குக் கீழே புண். நீங்கள் வேர்க்குரு பவுடர் வாங்கித் தருகிறீர்கள். தோலோடு தோல் ஒட்டிக் கிடக்கிற இடத்தில் ஈரம் காயாமல் பூஞ்சை பிடிக்கிறது, அது பவுடருக்கு அடங்காது. "கூன் போடாம நட" என்று நாம் எல்லோரும் அவளைத் திட்டியிருக்கிறோம். பாரம் முன்பக்கம் இழுக்க, ஊரார் பார்வைக்குப் பயந்து அவளும் குறுகிக்கொள்கிறாள். எப்படி நிமிர்வாள்?

உடம்பைக் குறைத்தால் போதும் என்றீர்கள். ஓரளவு குறையும்தான். ஆனால் மார்பில் கொழுப்போடு பால் சுரப்பிகளும் இருக்கின்றன, அவை நடந்து கரைவதில்லை.

சினிமாக்காரி என்றீர்களே, சிமோனா ஹாலெப் என்ற ருமேனிய டென்னிஸ் வீராங்கனை 2009-இல், 17 வயதில், இதைச் செய்துகொண்டார். பிறகு 2018-இல் பிரெஞ்சு ஓபனும் 2019-இல் விம்பிள்டனும் வென்றார். விளையாட்டுக்காரியாக இல்லாவிட்டாலும் செய்திருப்பேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவ்வளவு தூரம் போவானேன், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-இல் ஏழைப் பெண்களுக்கு இதையும் சேர்த்து மார்பு ஆபரேஷன்களை இலவசமாகச் செய்ய ஒரு கிளினிக் தொடங்கினார்கள்.

சரி, என்னதான் செய்வார்கள்? முழு மயக்கம் கொடுத்து, இரண்டு மூன்று மணி நேரம். கொழுப்பு, சுரப்பி, மிஞ்சிய தோல் ஆகியவற்றை எடுப்பார்கள். காம்பை வெட்டி எறிந்துவிடுவார்கள் என்று நானும் பயந்தேன். பெரும்பாலும் அப்படியில்லை. ரத்த ஓட்டமும் நரம்பும் உள்ள சதையோடு சேர்த்தே அதை மேலே நகர்த்தி வைக்கிறார்கள். எனக்கு எடுத்தது இரண்டு பக்கமும் சேர்த்து 1,200 கிராம். கிட்டத்தட்ட ஒன்றேகால் கிலோ அரிசிப் பை மாதிரி, அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பதினைந்து வருடம் நடந்திருக்கிறேன். எடுத்த திசுவைப் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள்.

தழும்பு நிற்கும், மறைக்க மாட்டேன். காம்பைச் சுற்றி ஒன்று, அங்கிருந்து நேராகக் கீழே ஒன்று, சிலருக்கு மார்பின் அடியிலும் ஒன்று. ஒரு வருடத்தில் மங்கும், அடியோடு போகாது. நம் தோலில் தழும்பு தடிப்பதும் உண்டு. காம்பில் உணர்ச்சி குறையலாம். பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியுமா என்பதுதான் உங்கள் பெரிய பயம். பலரால் முடிகிறது, சிலருக்குப் போதாமல் போகிறது, சிலருக்குச் சுரப்பதே இல்லை. மிகப் பெரிய மார்பு என்றால் காம்பைத் தனியாக எடுத்துப் பொருத்த வேண்டி வரலாம், அப்போது தாய்ப்பால் கிடையாது. இதை டாக்டரிடம் முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். அவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். என்ற மேற்படிப்பு படித்தவரா என்றும் பாருங்கள். விளம்பரத்தை நம்பிப் போக வேண்டாம்.

கல்யாணத்துக்கு அப்புறம் பார்க்கலாம் என்றீர்கள். இருபத்து நான்கு வயதுப் பெண், அவள் உடம்பு, அவள் வலி. முடிவும் அவளுடையதாக இருக்கட்டும் சித்தி.

வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறோம். நீங்களும் வாருங்கள், சந்தேகங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஆபரேஷன் முடிந்து முதல் இரண்டு வாரம் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. எனக்கு அம்மாதான் தினமும் தலை பின்னிவிட்டாள். தங்கச்சிக்கு நான் பின்னிவிடுகிறேன் என்றேன். "அம்மா வரட்டும்" என்கிறாள்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்